ஓட்டை போடாதவன்

மலைச்சரிவில் பாறை இடுக்கில் முளைத்த ஒரு செடியில் வெட்டுக்கிளி ஒன்றும் நாவாய்ப்பூச்சி ஒன்றும் குடியிருந்தன. வெட்டுக்கிளி இலையைக் கடித்துத் தின்னும். நாவாய்ப்பூச்சிக்கு வாயே ஊசி மாதிரி. இலைக்கடியில் மறைந்து உட்கார்ந்து, தண்டில் குத்திச் சாற்றை உறிஞ்சும்.

ஒருநாள் செடி வாடத் தொடங்கியது.

“அண்ணே, சொன்னா கோவிச்சுக்காதீங்க,” என்றது நாவாய்ப்பூச்சி. “நீங்க தின்ன இடமெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு. நானும் இங்கேதான் இருக்கேன். என்னால ஒரு ஓட்டை விழுந்திருக்கா?”

வெட்டுக்கிளி செடியை மேலும் கீழும் பார்த்தது. எல்லா ஓட்டையும் அது கடித்ததுதான். வெட்கமாகப் போயிற்று.

“அப்போ நீ எதைத்தான் தம்பி சாப்பிடறே?”

“சாப்பாடா? வெறும் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கிடக்கேன்.”

அன்றிலிருந்து வெட்டுக்கிளி உதிர்ந்த சருகை மட்டும் மென்றது. வயிறு ஒட்டிப்போயிற்று. அப்படியும் செடி நாலே நாளில் கருகிச் சாய்ந்துவிட்டது. “எல்லாம் என்னாலதான்,” என்று வெட்டுக்கிளி அழுதது.

“சரி, போனது போகட்டும். அடுத்த செடிக்குத் தாவும்போது என்னையும் முதுகில ஏத்திக்கோங்க.”

தாவும்போது வெட்டுக்கிளிக்குக் காலெல்லாம் நடுங்கியது. தண்ணீர் மட்டும் குடிக்கிறவனுக்கு இவ்வளவு கனமா என்று ஒரு கணம் தோன்றியது. பட்டினி கிடக்கிறவனிடம் போய் அதைக் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டது.

புதுச் செடியில் இறங்கியதும் பசி தாங்காமல் ஒரே ஒரு வாய் கடித்தது. இலைக்கடியிலிருந்து, தண்டில் குத்திய வாயை எடுக்காமலே ஒரு குரல் வந்தது:

“அண்ணே, இந்தச் செடியையாவது விட்டு வைங்க!”