அரங்கசாமிக்குப் பல்வலி

நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு, ஜெயில் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் ஆறுச்சாமி.

பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே. தாடையைக் கொஞ்சம் தூக்கி, எச்சிலை விழுங்காமல், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

போதைப் பவுடர் ஏக்கத்தை அடக்குகிற மாத்திரை அது. தானாகக் கரைய வேண்டும், விழுங்கினால் பலனில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் விற்கிற ஆட்களும் உண்டு என்பதால் சூப்பிரண்டு ஒரு சட்டம் போட்டிருந்தார். கரைவதற்குள் ஒரு வார்த்தை பேசினாலும் அன்றோடு மாத்திரை கிடையாது.

மரியாதைக்குப் பேர்போன அன்னூர்க்காரனான ஆறுச்சாமிக்கு இதைவிடக் கொடிய தண்டனை இருக்க முடியாது. ஒருவர் 'ஏனுங்க' என்று கூப்பிட்டு, 'சொல்லுங்க' என்று சொல்லாமல் இருப்பதா?

அதிலும் மாத்திரைத் தட்டை ஏந்தி வருகிற வார்டர் அரங்கசாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. லத்தியால் அடிக்கும்போதுகூட 'கொஞ்சம் திரும்பிக்குங்க' என்பவர். தினமும் பெஞ்சுக்கு எதிரே நின்று, சாப்டீங்களா, தூங்குனீங்களா, ஊட்டுல சௌக்கியமுங்களா என்று ஒவ்வொருவராக வம்புக்கு இழுப்பார். ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டு சின்னானை நினைத்துக்கொள்வான்.

சின்னானும் இவனும் பிளாக்கில் இருந்த ஒரே ஊசியால்தான் குத்திக்கொண்டார்கள். சின்னானுக்கு எய்ட்ஸ் என்று தெரிந்தபோது உடம்பில் எலும்புதான் மிச்சம் இருந்தது. இவன் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று கோவையிலிருந்து வரும் டாக்டர் சாஜிதா பேகம் சொன்ன அன்று, ஆறுச்சாமி குழந்தை மாதிரி அழுதான்.

போன மாதச் சோதனையில் அந்த ஊசியைப் பிடித்தது அரங்கசாமிதான். உடைத்துப் போட்டுவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்டார். உடைத்தால் என்ன, இன்னொன்று வரும். மாத்திரை நின்றால் அதற்கு முதலில் கை நீட்டுகிறவன் தான்தான் என்று ஆறுச்சாமிக்குத் தெரியும்.

அன்றைக்கு என்னவோ அரங்கசாமி யாரையும் எதுவும் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை தொப்பலாக நனைய, சுவரோரம் நின்றிருந்தார்.

திடுதிப்பென்று சூப்பிரண்டு உள்ளே வந்தார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று அரங்கசாமியைக் கேட்டார்.

அரங்கசாமி சல்யூட் அடித்தார்.

சூப்பிரண்டு மறுபடியும் கேட்டார். மறுபடியும் சல்யூட்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று சூப்பிரண்டு குரலை உயர்த்தினார்.

ஆறுச்சாமி அரங்கசாமியின் முகத்தைப் பார்த்தான். தாடை கொஞ்சம் தூக்கியிருந்தது. மனுஷன் எச்சிலை விழுங்கவில்லை.

இவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சும்மா இருந்திருக்கலாம். தினமும் படுத்திய பாட்டுக்கு நன்றாக மாட்டட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் கேட்ட கேள்வி பதிலில்லாமல் அந்தரத்தில் நிற்பதை அன்னூர்க்காரனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவருக்குப் பல்லு வலிங்க, சார்."

சொன்ன பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. சூப்பிரண்டு இவன் பக்கம் திரும்பினார். இவன் வாயைப் பார்க்கச் சொல்லி, அன்று வந்திருந்த டாக்டருக்குக் கை காட்டினார்.

சாஜிதா பேகம் டார்ச் அடித்துப் பார்த்தார். பாதி மாத்திரை இன்னும் நாக்குக்கு அடியில் உறுத்திக்கொண்டிருந்தது. கரைந்து ரொம்ப நேரமாகிவிட்டது என்றார், முகத்தில் ஒன்றையும் காட்டாமல்.

ஆறுச்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்படியே அரங்கசாமியின் பல்லையும் பார்த்துவிடச் சொன்னார் சூப்பிரண்டு.

டார்ச் வெளிச்சம் அரங்கசாமியின் வாயில் வெகுநேரம் நின்றது. டாக்டர் ஒருமுறை மாத்திரைத் தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சொத்தைங்க, சார். தினமும் இங்க வந்து காட்டோணுமுங்க. ரத்தமும் பாத்துப்போடலாம்."

பல்லுக்கு எதற்கு ரத்தம் என்று சூப்பிரண்டுக்கு விளங்கவில்லை.

ஆறுச்சாமிக்கு விளங்கியது. சின்னானின் ஊசியை யாரும் உடைக்கவில்லை.