வாசனை தின்னும் பெட்டி

"தம்பி, இந்தச் சிம்னியைக் கழட்டிடுங்க!" காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள் கேண்டீன் சமையல்காரி.

"புகையை நல்லாத்தானேக்கா இழுக்குது?" என்றான் மெக்கானிக்.

"காய்ச்சல்னு லீவுல போயிட்டு வந்தா, இதை மாட்டி வெச்சிருந்தாங்க. அன்னையிலேர்ந்து என்ன தாளிச்சாலும் வாசமே வரல. வாசம் பிடிச்சே பக்குவம் பாக்குறவ நான். இப்போ தட்டு தட்டா சாப்பாடு திரும்பி வருது. வேலையே போயிடும் போலிருக்கு!"

"இதுக்கு வெளிய போற குழாய் கிடையாது. இழுத்த காத்தைக் கரி பில்டர்ல வடிகட்டி, இங்கேயே திருப்பி விடும்."

"அந்தக் கரிதான் என் கைமணத்தையே தின்னுடுச்சு. அதை எடுத்துடுங்க, புண்ணியமாப் போகும்."

அவன் ஸ்டூலில் ஏறி மூடியைத் திறந்தான். அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"உள்ள கரியே இல்லக்கா. மாட்டினவங்க போட மறந்துட்டாங்க."

"அப்போ... வாசம்?"

அவன் சட்டென்று மூக்கைப் பொத்தினான்.

"ஐயோ, என்னக்கா இப்படித் தீயுது!"

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்த இன்னொரு அடுப்பில் வெங்காயம் கரியாகிக் கிடந்தது.

மூச்சை ஆழ இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.