பேனரில் இருந்த யானை

"யானையை எங்க கொண்டுபோய்த் தொலைச்சீங்க?"

மனைவி கேட்ட கேள்விக்கு, ஹாலின் மறுகோடியில் லேப்டாப்போடு சாய்ந்திருந்த கணவர் தலையை நிமிர்த்தவில்லை. "எந்த யானை?" என்றார், வீட்டில் நாலைந்து யானை கட்டியிருப்பது போல.

யானை என்பது துணிப் பொம்மை. ஆபீஸ் வேலையை உதறிவிட்டு அவள் வெட்டி, தைத்து, பஞ்சடைத்த பொம்மைகளில் மூத்தது. நாளைக் காலை ஒரு விற்பனைத் தளத்தில் அவளுடைய ஆன்லைன் பொம்மைக் கடை திறக்கிறது. இன்று மாலை ஐந்துக்குள் கடையின் விளம்பரப் பேனர் போய்ச் சேர்ந்தால் அந்தத் தளத்தின் முதல் பக்கத்தில் ஒரு நாள் இடம் உண்டு. தவறினால் மற்ற கடைகளுக்கெல்லாம் அடியில் புதைந்து கிடக்க வேண்டியதுதான்.

பேனர் ஒன்றும் பெரிய வித்தையில்லை. இலவச மென்பொருள், வெளிர்மஞ்சள் பின்னணி, மேலே கடையின் பெயர், கீழே வரிசையாக யானை, கரடி, முயல் படங்கள். எந்தப் படத்தைத் தொட்டாலும் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பைத்தொட்டி முளைக்கும். அதையும் தொட்டால் படம் காலி.

தனியாக விட்டிருந்தால் காலையிலேயே முடித்திருப்பாள். 'தொழில் தெரிஞ்சவன் வீட்டுக்குள்ளயே இருக்கேன்' என்று கணவர் குறுக்கே வந்து நின்றார். அவர் விளம்பரக் கம்பெனியில் இருந்தவர்தான். நாற்காலி, மேஜை, டியூப் லைட் வாங்கிப் போடும் பிரிவில். நச்சரிப்புத் தாங்காமல் மதியம் அவருக்குப் பேனரின் லிங்க்கை அனுப்பி, திருத்தும் வசதியையும் திறந்துவிட்டிருந்தாள்.

"நடிக்காதீங்க. இப்பத்தான் வச்சேன். தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள காணோம்."

"நான் தொடவே இல்ல. ஆனா போனது நல்லதுக்குத்தான்" என்றார் அவர். "டிசைன்னா மூச்சு விட இடம் வேணும். எங்க கம்பெனியில இந்த மாதிரி நெருக்கி அடிச்சா தூக்கி எறிஞ்சிடுவாங்க."

"உங்க கம்பெனியில நீங்க ஃபேன் மாட்டினீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபேன் பேச்சை எடுத்தாலே அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

அவள் யானையைத் திரும்ப வைத்தாள். கரடி போயிற்று. கரடியை வைத்தாள், மறுபடியும் யானை போயிற்று, பின்னாலேயே கரடியும். திரையின் மூலையில் புதிது புதிதாக வண்ண வட்டங்கள் வந்து மினுக்கின. இலவசம் என்றால் எதையாவது காட்டிக் காசு கட்டச் சொல்வார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"கரடியுமா? என் மேல அப்படி என்னங்க வயித்தெரிச்சல் உங்களுக்கு?"

"எனக்கா? நான் இல்லேன்னா உன் கடைக்கு ஈ கூட வராது. மதியமே நம்ம சொந்தக்காரங்க குரூப்ல நீ அனுப்பின லிங்க்கைப் போட்டு, 'எல்லாரும் வாங்க, புடிச்சதை எடுத்துக்கங்க'ன்னு எழுதியாச்சு. அதுக்குப் பேரு மார்க்கெட்டிங்."

"அதுக்குப் பேரு மூக்கை நுழைக்கிறது. சமையல்ல நுழைஞ்சீங்க, துணி மடிக்கிறதுல நுழைஞ்சீங்க. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன்."

"பேசு, பேசு. இருந்த வேலையை விட்டுட்டுப் பஞ்சு அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கே. நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"இப்பச் சொன்னீங்களே."

மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்து அவருடைய லேப்டாப்பைப் படீரென்று மூடினாள். நல்லவேளை, அவர் விரல்களை இழுத்துக்கொண்டார். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. அவருடைய போனையும் பிடுங்கிச் சாப்பாட்டு மேஜையில், தன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க வந்து உக்காருங்க. ரெண்டு கையும் மேஜை மேல."

"நீயும் வை. நீயே அழிச்சிட்டு என் தலையில கட்டப் பார்க்கிறே. நாளைக்குக் கடை ஓடலேன்னா காட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"

"ஆள் தேட வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்ல. கல்யாணத்துலயே கெடச்சாச்சு."

வைத்தார்கள். எதிரும் புதிருமாக, நாலு கைகளையும் விரித்து, போலீஸ் சோதனைக்கு நிற்பவர்களைப் போல. யானை இல்லாத, கரடி இல்லாத பேனரில் முயல் மட்டும் உட்கார்ந்திருந்தது.

யாரும் அசையவில்லை. முயலைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. பக்கத்தில் குப்பைத்தொட்டி முளைத்தது. முயல் போய்விட்டது.

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். அவர் அவள் கைகளைப் பார்த்தார். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

"வைரஸ்" என்றார் கணவர், நாடி பிடித்துப் பார்த்த டாக்டர் மாதிரி.

அவருடைய போன் அடித்தது. அவருடைய அக்கா. யாரும் கையை எடுக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை முதலில் மீறியது மனைவிதான். ஒரு விரலை நீட்டி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"தம்பி, உன் கடையில ஒரே தள்ளுமுள்ளுடா. முயலை நான் அந்தச் சின்னக் கூடையில போட்டுட்டேன், எப்ப அனுப்புவே?"