கை படாத பல்பு

காரின் முகப்பு விளக்கில் வெடித்துப்போன செனான் பல்புகள் இரண்டையும் கடை மேசையில் வைத்து உறுமினார், எல்லாம் தெரிந்த இயற்பியல் பேராசிரியர் குமரகுருபரன்.

"போலிச் சரக்கு! சாயங்காலம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க, விளக்கில்லாத காரிலயா போவேன்?"

கடைக்காரர் அலி அஸ்கர் பல்பை மெல்ல எடுத்துப் பார்த்தார். "கண்ணாடியில கை பட்டுச்சா அண்ணாச்சி? விரல் பிசுக்கு ஒட்டினாலே சூட்டுல வெடிச்சிரும்."

"எனக்கே பாடம் எடுக்கீரா வே? வெப்பவியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவன். கையுறை போட்டுத்தான் மாட்டுனேன்."

"அப்போ இந்த மஞ்சள் கறை?"

"புதுப் பல்பை மொட்டையாவா மாட்டுவாங்க? சந்தனம், குங்குமம் வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் மாட்டுனேன்."

அலி அஸ்கர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிக்காதேயும். வேற ஜோடி எடும். இதுக்கு வெறும் விபூதியோட விட்டுருதேன்."