சத்தம் பிறந்த கதை

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் பேராசிரியர் சொல்லி முடித்ததும் கிட்டார்காரர் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெருமையில் பிடிக்கிறார் என்று நினைத்த பேராசிரியருக்கே கண் கலங்கிவிட்டது.

"உணர்ச்சிவசப்படாதீங்க சார்! உங்க முதல் பாட்டு. குரல் தனியா, கிட்டார் தனியா, கம்ப்யூட்டர் புட்டுப் புட்டு வெச்சிருச்சு. விருது குடுக்கறதுக்கு முன்னாடி மேடையில போட்டுக் காட்டறோம்."

"கிட்டாரையும் தனியா போடுவீங்களா?" என்றார் எதிரே இருந்த பாடகர், குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு.

"பின்ன?" என்று பூரித்தார் பேராசிரியர்.

அவர் லேசுப்பட்ட ஆளில்லை. ஹார்ட் ராக் சங்கீதம் என்றால் என்னவென்றே ஊரில் யாருக்கும் தெரியாத காலத்தில், ஒரு டயர் கிடங்கிலிருந்து கிளம்பி ஒரு தலைமுறையையே செவிடாக்கிய குழு இவர்களுடையது. அதைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார். அந்தச் சத்தம் அடக்கப்பட்ட இளைஞர்களின் கோபமாம். பாடகருக்கு 'இடி', கிட்டார்காரருக்கு 'மின்னல்' என்று ரசிகர்கள் பட்டம் கொடுத்தார்கள். கோபத்தைக் கண்டுபிடித்ததற்காகப் பேராசிரியருக்கு டாக்டர் பட்டமே கிடைத்தது. இன்றைக்குத் தெருவுக்குத் தெரு ஒரு குழு அதே கோபத்தோடு கத்திக்கொண்டிருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் கோபத்தைப் பற்றித்தான் இன்னும் யாரும் புத்தகம் எழுதவில்லை.

மின்னலுக்குத் தெரிந்த கதையே வேறு. கோபமாவது, மண்ணாங்கட்டியாவது! இடி அவருடைய மனைவியின் அண்ணன். மச்சானுக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். வேறு பாடகரைப் பார்க்கலாம் என்றால், டயர் கிடங்கு மாமனாருடையது. வீட்டுக்காரியோ, "எங்கண்ணன் இல்லாத குழுவுல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறவள்.

வாயால் சொல்ல முடியாததை மின்னல் கையால் செய்தார். மச்சான் பாட ஆரம்பித்ததும் கிட்டாரின் வால்யூமைக் கூட்டித் திருகினார். அடுத்த வரியிலேயே மச்சான் இன்னும் ஓங்கிக் கத்தினார். மனுஷனுக்கு உற்சாகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நொந்துகொண்டு மின்னல் மறுபடியும் திருகினார். இப்படியே ஏறி ஏறி, முதல் கச்சேரியிலேயே மண்டபத்து ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. கூட்டம் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடியது. அப்புறம் ஊர் ஊராகக் கச்சேரிதான்.

நாற்பது வருஷமாக அமுக்கி வைத்த குரல் இன்றைக்குத் துணையில்லாமல் மேடையேறப் போகிறது. மச்சான் அதைத் தன் காதாலேயே கேட்டால் என்ன ஆவார்? முன்வரிசையில் தங்கச்சி வேறு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் தலை குனிந்தால் அவள் தாங்கமாட்டாள்.

மைக்கைச் சரிபார்க்கப் பேராசிரியர் வெளியே போனதும், மின்னல் மச்சானின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மச்சான், அதப் போட வேணாம்னு அந்த ஆளுகிட்ட சொல்லிடு."

"ஏன் மாப்ள?" என்றார் இடி, ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே.

"என்னை மன்னிச்சிடு. நீ பாடுறது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதான் அன்னிக்கு நான் சத்தத்த ஏத்தினேன். உன்ன வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல." சொல்லும்போதே மின்னலுக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல மனுஷனை இத்தனை வருஷமும் ஏமாற்றிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இடி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தங்கச்சி புருஷன நான் மட்டும் எப்படிடா போன்னு சொல்றது? உன் கிட்டார் கேக்கக் கூடாதுன்னுதான் நான் அப்படிக் கத்தினேன்!"