இரண்டாவது மேடு

நம் பால்வெளியைச் சுற்றிவரும் சின்ன விண்மீன் திரளில், ஒரு கோடி விண்மீன்களில் ஒன்று முப்பத்துநான்கு நாள் மட்டும் கூடுதலாகப் பிரகாசித்து அடங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குறுக்கே போய், தன் ஈர்ப்பால் அந்த ஒளியைக் குவித்திருக்க வேண்டும். மங்கையர்க்கரசியின் ஆறு வருட ஆய்வே, ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தின் அந்த ஒற்றை மேடுதான். இன்று பக்கத்தில் இன்னொரு குட்டி மேடு முளைத்திருந்தது.

"ரெண்டு தடவை ஏறினா அது தானா மினுங்குற விண்மீன். பட்டியல்லேர்ந்து அடிச்சிடு," என்றான் உடன் வேலை பார்க்கும் இருதயராஜ். அதுதான் விதி: குறுக்கே போவது ஒரே ஒரு முறைதான் நடக்கும். நூற்றுக்கணக்கில் அப்படி அடித்தவள்தான். இன்று பேனா இறங்கவில்லை.

"ஏன் ராஜ், குறுக்கே போனது தனியாத்தான் போயிருக்கணுமா? ஜோடியாப் போயிருந்தா?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் கேட்டான்:

"அப்போ, நாம இதுவரைக்கும் அடிச்சதெல்லாம்?"