பெல்ட்டுக்குத் தெரியாத பொருள்

ஒரகடத்து உதிரிபாகக் கிடங்கில் கன்வேயர் பெல்ட் நிற்பதே இல்லை. மதியம் பிரேக் பேடுகளுக்கு நடுவே சாப்பாடும் அதிலேயே வரும். கைக்கெட்டும் தூரத்தைக் கடப்பதற்குள், ஒன்பது நொடியில் அள்ளி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான்கு வருடம் அப்படி விழுங்கிய தவமணி, இன்று வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸை பெல்ட்டின்மேல் வைத்தாள். பட்டியலில் இல்லாத பொருள் என்று ஸ்கேனர் அலறியது. பெல்ட் நின்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்ன பார்ட்டும்மா இது?"

"புளிசாதம் சார். சாப்பிட்டு முடிக்க இருபது நிமிஷம் ஆகும்."

"வேலைய விட்டே தூக்கிடுவேன்!"

பாக்ஸை எடுத்துக்கொண்டு பெல்ட்டை ஓடவிட்டார். உடனே மறுபடி நின்றது. வரிசை நெடுக முப்பது டிபன் பாக்ஸ்கள் பெல்ட்டின்மேல் உட்கார்ந்திருந்தன.

தவமணி அவர் கையிலிருந்து தன் பாக்ஸை வாங்கி, மூடியைத் திறந்தாள்.